வெனிஸில் ஒரே ஒரு நாள், தோழியுடன்: எதையெல்லாம் விடலாம்?

வழிப்போக்கி

அக்டோபர் நடுவில் வேலை நிமித்தம் மிலான் போகிறேன். வெள்ளிக்கிழமை மாலையோடு வேலை முடிகிறது. மியூனிக்கில் இருக்கும் என் கல்லூரித் தோழி அன்றிரவு ரயிலேறி வந்துவிடுவாள். பதினோரு ஆண்டுகளாக நாங்கள் கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் மட்டுமே சந்தித்திருக்கிறோம், அதுவும் யாராவது ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. இந்த முறை ஒரு முழு நாள் கிடைத்திருக்கிறது. வெனிஸ் என்று சொன்னவள் அவள்தான். "காதலர்கள் போகிற ஊரில் நமக்கென்ன வேலை?" என்று கேட்டேன். "அவர்களுக்கு எந்த ஊராக இருந்தாலும் ஒன்றுதான். நமக்குத்தான் நல்ல ஊர் வேண்டும்" என்றாள்.

தங்குவது பதுவையில். ஆம், பதுவை அந்தோணியாரின் அதே பதுவை. சனிக்கிழமை காலை எட்டரைக்கு வெனிஸில் இறங்கி, இரவு ரயிலில் திரும்புகிறோம். எதைப் பார்க்கலாம் என்று நான் கேட்கவில்லை, அது எங்கும் கிடைக்கிறது. எதைப் பார்க்காமல் விடலாம் என்று சொல்லுங்கள்.

பறவைக்கால்

மூன்று முறை போனவன் என்ற உரிமையில் சொல்கிறேன், எதையும் விட வேண்டாம். 8:45-க்குப் படகு. 9:30-க்கு சான் மார்கோ பேராலயம் (முன்பதிவு அவசியம், மேலே அருங்காட்சியகத்தில் இருக்கும் நான்கு வெண்கலக் குதிரைகளைப் பார்க்காமல் வராதீர்கள், வெளியே நிற்பவை நகல்கள்). 11-க்கு டோஜே மாளிகை (பழைய வெனிஸ் குடியரசுத் தலைவரின் அரண்மனை). 1:30-க்கு ரியால்டோ பாலம். 2:30-க்கு முரானோ தீவு, கண்ணாடி ஊதுவதைப் பார்க்க. 4:30-க்கு புரானோ, வண்ண வீடுகள். 7:30-க்கு கொண்டோலா படகுச் சவாரி. நடையை எட்டிப் போட்டால் எல்லாம் முடியும்.

திண்ணைவாசி

பறவைக்கால் அவர்களே, உங்கள் பட்டியலைப் படித்ததற்கே எனக்கு இளைப்பு வந்துவிட்டது. இரண்டு பெண்கள் பதினோரு வருடப் பேச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு வருகிறார்கள். 2:30-க்கு முரானோ என்றால் அந்தப் பேச்சை எத்தனை மணிக்கு வைத்துக்கொள்வது? அதற்கும் முன்பதிவு உண்டா?

வழிப்போக்கி அம்மா, முரானோவையும் புரானோவையும் முதலில் அடியுங்கள். 1291-இல் தீவிபத்துக்குப் பயந்து கண்ணாடி உலைகளை ஊரைவிட்டு முரானோவுக்கு அனுப்பினார்கள். எழுநூறு வருடமாக அங்கேயே இருக்கும் உலைகள் அடுத்த முறைக்கும் காத்திருக்கும்.

உப்பங்கழி

வெனிஸுக்கு எதிரே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் நான்கு ஆண்டுகள் குடியிருந்தேன். தினமும் ரயில் பாலம் கடந்து வெனிஸுக்குள் வேலைக்குப் போய்வந்தவன். சிலவற்றைச் சொல்கிறேன்.

வெனிஸ் சிறிய ஊர். நூற்றுக்கும் மேற்பட்ட தீவுத் துண்டுகள், நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் ரயில் நிலையத்திலிருந்து ரியால்டோவுக்கு நிதானமாக நடந்தாலும் அரை மணி நேரம்தான். ஊர் ஆறு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. கூட்டம் முழுவதும் நிலையம், ரியால்டோ, சான் மார்கோ என்ற ஒரே தடத்தில் நகர்கிறது. சுவர்களில் மஞ்சள் பலகையில் "ரியால்டோவுக்கு", "சான் மார்கோவுக்கு" என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள். அம்புக்குறியை விட்டு இரண்டு சந்து தள்ளிப் போனால் உங்கள் காலடிச் சத்தம் உங்களுக்கே கேட்கும்.

முகவரியை நம்பி எதையும் தேடாதீர்கள். வீட்டு எண் தெருவுக்குத் தெரு தொடங்குவதில்லை. ஒரு பகுதி முழுவதற்கும் ஒரே வரிசைதான். கஸ்தெல்லோ பகுதியில் எண்கள் ஆறாயிரத்தைத் தாண்டிப் போகின்றன. முதல் மாதம் எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் கொடுக்க வந்த தபால்காரரைப் பார்த்தபோது கும்பிடத் தோன்றியது.

என் யோசனை: காலையில் கன்னரேஜோ, மதியத்துக்கு மேல் டோர்சோடூரோ. இரண்டே பகுதிகள். நடுவில் பெருங்கால்வாயைக் கடக்கப் பாலம் வேண்டாம், சாந்தா சோபியா துறையில் த்ராகெட்டோ பிடியுங்கள். கொண்டோலாவைவிடச் சற்றே அகலமான படகு, இரண்டு பேர் துடுப்புப் போடுவார்கள், அக்கரை சேர இரண்டு மூன்று நிமிடம். இறங்கினால் மீன் சந்தை. சனிக்கிழமை என்பது நல்லதாயிற்று. ஞாயிறும் திங்களும் மீன் சந்தைக்கு விடுமுறை.

கணக்கர்

செலவைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்மீது வருத்தப்படக்கூடாது.

நீர்ப் பேருந்தான வபோரெட்டோவில் 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ. ஒரு நாள் முழுவதுக்கும் 25 யூரோ. மூன்று முறை ஏறினால்தான் நாள் டிக்கெட் கட்டுப்படியாகும். த்ராகெட்டோ வெளியூர்க்காரருக்கு 2 யூரோ. கொண்டோலா பகலில் அரை மணி நேரம் 90 யூரோ, இரவு ஏழுக்கு மேல் 35 நிமிடம் 110 யூரோ. ஆளுக்கு இல்லை, படகுக்கு. ஐந்து பேர் வரை ஏறலாம்.

ஊருக்குள் நுழையக் கட்டணம் என்று யாராவது பயமுறுத்தினால் கவலை வேண்டாம். 2024-இல் தொடங்கிய அந்தப் பகல் வருகைக் கட்டணம் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும்தான். 2025-இல் ஏப்ரல் முதல் ஜூலை வரை 54 நாட்கள். நான்கு நாட்களுக்கு முன்பே பதிந்தால் 5 யூரோ, தாமதித்தால் 10. அந்த நாட்களில் மெஸ்த்ரேயில் தங்குகிறவருக்கு விலக்கு, காரணம் மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிதான். பதுவையில் தங்குகிறவருக்கு விலக்கு இல்லை. அக்டோபரில் இந்தப் பேச்சே எழாது.

நிழற்குடை

எல்லோரும் வழி சொல்கிறீர்கள். நான் வேறொன்று கேட்கிறேன். பழைய நகரத்தில் குடியிருப்போர் எண்ணிக்கை 2022-இல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. வீடுகளெல்லாம் பயணிகளின் வாடகை அறைகளாகிவிட்டன. காலையில் வந்து மாலையில் போகும் நாம்தான் அந்த ஊரின் நோய். அதுவும் ஒரே ஒரு நாள் போவது! நான் போனபோது கால்வாய் நாற்றம் வேறு. காதல் நகரம் என்று யார் பெயர் வைத்தார்களோ.

உப்பங்கழி

நிழற்குடை, உங்கள் கோபத்தில் பாதி நியாயம். என் பக்கத்து மேசைக்காரர் தாத்தா காலத்து வீட்டை விற்றுவிட்டு மெஸ்த்ரேயில் அடுக்குமாடிக்கு வந்தவர். ஆனால் அவரே கடுப்பாவது யார்மீது தெரியுமா? பாலத்தின் நடுவே நின்று மறிக்கிறவர்கள்மீது. பாலம் அவர்களுக்கு நடைபாதை. நமக்கு அது படமெடுக்கும் மேடை. வலது ஓரமாக நடங்கள், முதுகுப் பையைப் படகில் கழற்றிக் கையில் பிடியுங்கள், பால்காரனும் பள்ளிக்கூடப் பையனும் போக வழி விடுங்கள். உணவை சான் மார்கோவில் உட்கார்ந்து சாப்பிடாமல், உள்ளூர்க்காரர் நின்றுகொண்டே சாப்பிடும் சிறு மதுக்கடையில் சாப்பிடுங்கள். அதற்கு பாக்கரோ என்று பெயர்.

நாற்றம், நீர்மட்டம் இறங்கும் கோடையில் சில சிறு கால்வாய்களில் வரும். அக்டோபரில் கவலை வேறு, நீர் ஏற்றம். 2019 நவம்பர் 12 அன்று நீர் 187 சென்டிமீட்டர் ஏறியது. அதன் பிறகு, 2020 அக்டோபரிலிருந்து, கடல்வாய் மூன்றிலும் 78 இரும்புக் கதவுகள் எழும்பித் தடுக்கின்றன. ஆனாலும் சான் மார்கோ சதுக்கம் ஊரிலேயே தாழ்வான இடம், கதவு எழும்பத் தேவையில்லாத சிறு ஏற்றத்திலேயே அங்கே கணுக்கால் நனையும். முந்தின நாள் மாலை நீர்மட்ட முன்னறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பறவைக்கால்

சரி, தீவுகளை விடட்டும். கொண்டோலாவையுமா விடச் சொல்கிறீர்கள்? வெனிஸ் போய் கொண்டோலாவில் ஏறாதவர் கல்யாண வீட்டுக்குப் போய் மொய் மட்டும் எழுதிவிட்டு வந்தவர்.

கணக்கர்

மொய் 90 யூரோ என்றால் பந்தி எவ்வளவு நேரம் என்று கேட்கத்தான் தோன்றும்.

உப்பங்கழி

ஏறாவிட்டாலும் அது எப்படிக் கட்டப்படுகிறது என்று பாருங்கள், செலவில்லை. டோர்சோடூரோவில் சான் த்ரோவாஸோ என்ற இடத்தில் பழைய படகுப் பட்டறை உண்டு. எதிர்க்கரையிலிருந்து பார்க்கலாம். கொண்டோலாவின் இரு பக்கமும் சமமாக இருக்காது. இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலம். படகோட்டி பின்னால் இடப்புறம் நின்று, ஒற்றைத் துடுப்பை வலப்புறம் போடுகிறார். சமமாகக் கட்டினால் படகு வட்டமடிக்கும். கோணலாகக் கட்டுவதால்தான் நேராகப் போகிறது.

திண்ணைவாசி

இதைக் கேட்டதும் என் மைத்துனர் நினைவு வருகிறது. மேலே விளக்கப் போவதில்லை.

வழிப்போக்கி

எல்லோருக்கும் நன்றி. முடிவு இது: சான் மார்கோ பேராலயம், டோஜே மாளிகை, தீவுகள் எல்லாம் வெட்டு. தோழிக்குப் பட்டியலை அனுப்பினேன். "பட்டியல் இல்லாததுதான் பட்டியலா? நல்லது" என்று பதில் வந்தது. போய்வந்து எழுதுகிறேன்.

வழிப்போக்கி (மூன்று வாரம் கழித்து)

போய்வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரயில் நிலைய வாசலைத் தாண்டியதும் படிகள், படிகளின் கீழே தண்ணீர். பஸ் நிற்க வேண்டிய இடத்தில் படகு நிற்கிறது. இதை நூறு படங்களில் பார்த்திருக்கிறேன். இருந்தும் என் தோழி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாருக்கும் வழியில் இல்லாத ஓரமாகத்தான், உப்பங்கழி அவர்கள் கவலைப்பட வேண்டாம்.

கன்னரேஜோவில் முதலில் போனது யூதர் குடியிருப்பு. 1516-இல் யூதர்கள் இங்கேதான் வசிக்க வேண்டும், இரவில் கதவுகள் பூட்டப்படும் என்று ஆணையிட்டார்கள். கெட்டோ என்ற சொல்லே இந்த இடத்தின் பெயர். பரப்ப இடம் இல்லாததால் வீடுகளை மேலே மேலே ஏற்றியிருக்கிறார்கள். ஊரில் வேறெங்கும் இல்லாத உயரம், ஜன்னல்களின் நெருக்கத்தைப் பார்த்தாலே உள்ளே கூரை எவ்வளவு தாழ்வு என்று தெரிகிறது. சதுக்கத்தின் நடுவே மூடிய கல் கிணறு. இப்படி ஒவ்வொரு சதுக்கத்திலும் ஒன்று பார்த்தோம். சுற்றிலும் உப்பு நீர், குடிக்க மழைதான். சதுக்கத்தில் விழும் மழை மணல் வழியாக இறங்கிக் கிணற்றில் சேரும்படி தரையைக் கட்டியிருக்கிறார்கள். 1884-இல் குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊரே அதைத்தான் குடித்தது. அங்கே பேச்சு குறைந்துவிட்டது. அரை மணி நேரம் சும்மா நடந்தோம்.

த்ராகெட்டோவில் நின்றபடி கடந்தோம். உள்ளூர்க் கிழவி ஒருவர் காய்கறிப் பையோடு, எதையும் பிடிக்காமல், வாசலில் நிற்பதுபோல் நின்றார். என் தோழி அவரைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள், அடுத்த நொடி என் தோளைப் பிடித்தாள்.

மீன் சந்தைக்குப் பக்கத்தில் ஒருவர் ஆர்ட்டிசோக் சீவிக்கொண்டிருந்தார். தாமரை மொட்டுப் போன்ற காய். சின்னக் கத்தியை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு காயைத்தான் சுழற்றுகிறார். நான்கு சுற்றில் இதழெல்லாம் போய், வெள்ளை வட்டத் தட்டு மட்டும் மிஞ்சுகிறது. அதை எலுமிச்சை மிதக்கும் தொட்டியில் வீசுகிறார், பார்க்காமலே. பத்து நிமிடம் நின்றோம். எங்கள் இருவர் அம்மாக்களும் வாழைப்பூ ஆய்வது எப்படி என்ற பேச்சு அங்கே ஆரம்பித்து மதியம்வரை போனது.

சாப்பாடு நின்றுகொண்டே. பொரித்த மத்தி மீனை வதக்கிய வெங்காயத்தோடு வினிகரில் ஊறவைத்து, உலர்திராட்சையும் பைன் கொட்டையும் போட்டது, ரொட்டித் துண்டில் வைத்த வெண்கருவாட்டுக் கூழ், இப்படிச் சின்னச் சின்னத் தட்டுகள். முதல் வாய் மத்தி எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது வாய்க்குப் பிறகு தட்டை அவளிடமிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

டோர்சோடூரோவில், சாந்தா மார்கெரீத்தா சதுக்கத்தின் ஓரத்தில் தனியாக நிற்கும் ஒரு சிறு கட்டடச் சுவரில் ஒரு கல் பலகை. அதில் மீன் பெயர்களும் எண்களும். எந்த மீன் எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தால்தான் விற்கலாம் என்ற பழைய விதி. மத்திக்கு 7, விலாங்குக்கு 25, சிப்பிக்கு 3. கோயில் சுவரில் நிலதானம் வெட்டியதுபோல் மீனுக்கு அளவு வெட்டி வைத்திருக்கிறார்கள். என் தோழி பையிலிருந்து பேனாவை எடுத்து, நான் மதியம் தின்ற மத்தி ஏழு சென்டிமீட்டர் இருந்திருக்குமா என்று அளந்து காட்டினாள். சட்டப்படி சரிதான்.

பிறகு முஷ்டிப் பாலம். இரண்டு கோஷ்டிகள் பாலத்தின் மேல் நின்று குத்திக்கொண்டு, தோற்றவனைத் தண்ணீரில் தள்ளும் வழக்கம் இருந்ததாம். 1705-இல் தடை செய்தார்கள். நான்கு மூலையிலும் வெள்ளைக் கல்லில் பாதச் சுவடு. ஆளுக்கொரு சுவட்டில் நின்று பார்த்தோம். 2009-இல் அவள் என்னிடம் சொல்லாமல் ஊரைவிட்டுப் போனதைப் பற்றி அந்தப் பாலத்தில்தான் முதல்முறையாகக் கேட்டேன். என்ன பதில் என்று இங்கே எழுத மாட்டேன். யாரும் தண்ணீரில் விழவில்லை.

படகுப் பட்டறையைப் பார்த்தோம். மூன்று கொண்டோலாக்கள் கவிழ்ந்து கிடந்தன. கோணலைக் கண்ணால் பார்க்க முடிகிறது, சொல்லிக் கொடுத்ததற்கு நன்றி. ஏறவில்லை.

இனி நாங்கள் செய்த தவறு. ஐந்தரைக்கு அக்காதெமியா துறையில் 1-ஆம் எண் படகு ஏறினோம், ரயில் நிலையம் போக. மேடையில் எழுதியிருந்த திசையை இருவருமே படிக்கவில்லை. அவள் தன் அப்பாவின் கடைசி மாதங்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் ஒரு பெரிய வெள்ளைக் குவிமாடம் போயிற்று. இடப்பக்கம் உயரமான மணிக்கூண்டும் இளஞ்சிவப்பு மாளிகையும் போயின. அழகாக இருக்கிறது என்று நினைத்தேனே தவிர, அது எங்கள் வழியில் வரக்கூடாத இடம் என்று உறைக்கவில்லை. கடைசியில் படகில் சுற்றுலாப் பயணிகள் யாருமே இல்லை, பள்ளிப் பிள்ளைகளும் பை சுமந்த பெண்களும்தான். சாந்தா எலேனாவில் இறங்கினோம். ஊரின் கிழக்கு நுனி.

அங்கே பைன் மரங்கள், புல்வெளி, ஊஞ்சல். ஒரு பையன் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டே இருந்தான், உள்ளிருந்து அவன் அம்மா கத்திக்கொண்டே இருந்தார், அது இத்தாலிய மொழி என்று சொல்ல வேண்டியதில்லை, எந்த மொழியிலும் அது அதே வசனம்தான். சூரியன் சான் ஜார்ஜோ கோபுரத்துக்குப் பின்னால் இறங்கியது. ஊரைச் சுற்றிய உப்பங்கழி நீர் முழுவதும் செம்புத் தாம்பாளம். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தோம். அங்கிருந்து பூங்கா வழியாகவே கரிபால்டி தெருவுக்கு நடந்து போய்ச் சாப்பிட்டோம். அகலமான தெரு, ஒரு காலத்தில் கால்வாயாக இருந்து தூர்க்கப்பட்டது.

இரவு எட்டரைக்கு அர்செனாலே துறையில் படகு, இந்த முறை இருவரும் திசையை உரக்கப் படித்தோம். பெருங்கால்வாய் முழுவதையும் இருட்டில் பார்த்தோம். கரையோர மாளிகைகளின் ஜன்னல்களில் விளக்கெரிந்தால் உள்ளே உத்தரங்களும் சித்திரக் கூரையும் தெரிகின்றன. பாதி ஜன்னல்கள் இருட்டு. நிழற்குடை சொன்னது அப்போதுதான் புரிந்தது.

பறவைக்கால்

மன்னிக்க வேண்டும். வெனிஸ் போய், சான் மார்கோ சதுக்கத்தில் கால் வைக்காமல் திரும்பியிருக்கிறீர்கள், அப்படித்தானே?

வழிப்போக்கி

படகிலிருந்து பார்த்தேனே, அதுவும் தெரியாமல்.

கணக்கர்

படகு டிக்கெட் நான்கு, 38 யூரோ. த்ராகெட்டோ 4. மொத்தம் 42. நாள் டிக்கெட் எடுத்திருந்தால் 50. வழி தவறியும் எட்டு யூரோ மிச்சம் செய்தவர்களை இந்த இழையில் இப்போதுதான் பார்க்கிறேன்.

நிழற்குடை

அந்தப் பையன் பந்தடித்த சுவரைப் பற்றி எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான் சொல்வேன்.

உப்பங்கழி

சாந்தா எலேனாவை நான் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருந்தேன். ஞாயிறு மாலைகளில் நான் போய் உட்கார்ந்த பெஞ்சுகள் அவை. சரி, இனி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

திண்ணைவாசி

அப்படியானால் அடுத்த வருடம் அங்கேயும் மஞ்சள் பலகை மாட்டிவிடுவார்கள். வழிப்போக்கி அம்மா, பாலத்தில் கேட்ட கேள்விக்கு என்ன பதில் என்று சொல்லாமல் விட்டதற்கு உங்களை இந்த இழை மன்னிக்காது.

புதுவரவு

வணக்கம், இங்கே புதியவள். மே மாதம் மாமியாரை அழைத்துக்கொண்டு போகிறேன். அவருக்கு முழங்கால் வலி. நானூறு பாலம் என்று படித்ததும் கலங்கிவிட்டேன். அழைத்துப் போகலாமா?

வழிப்போக்கி

தாராளமாக. ஆனால் எங்களைப்போல் நடக்க வேண்டாம், பெரும்பாலான பாலங்களில் படிகள்தான். நாள் டிக்கெட் எடுத்து, 1-ஆம் எண் படகில் நிலையத்திலிருந்து சாந்தா எலேனா வரை உட்கார்ந்தே போங்கள். அங்கே தரை சமம், பெஞ்சு உண்டு, மரநிழல் உண்டு. மே என்பதால் உங்கள் தேதிக்கு வருகைக் கட்டணம் உண்டா என்று கணக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படகின் முனையில் வெளியே இருக்கை இருந்தால் மாமியாரை அங்கே உட்கார வையுங்கள். ஒரு சால்வை எடுத்துப் போங்கள், தண்ணீர்க் காற்று மாலையில் குளிரும்.

கணக்கர்

தேதியைச் சொல்லுங்கள் அம்மா, பார்த்துச் சொல்கிறேன்.